உருமி மழுங்காமல் பாட்டைச் சுருக்குவது எப்படி

பாட்டு ஏற்றித்தரச் சொல்லி என் வீட்டுக்கு வருகிறவர்கள், பிளேயரையும் மெமரி கார்டையும் மேசைமேல் வைத்துவிட்டு முதலில் கேட்பது எத்தனை கிலோபிட்டில், அதாவது ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு வைத்து, ஏற்ற வேண்டும் என்பதைத்தான். 128 போதும் என்று அவர்களிடம் ஒருவர் சொல்லியிருப்பார். 320-க்குக் குறைந்தால் அது பாட்டே இல்லை என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில், விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பாட்டைக் கேட்கும் அதே ஆள், இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டும் அதே பாட்டைக் கேட்கிறார். இரண்டு வேளைக்கும் பொருந்துகிற ஒரே எண் உண்டு என்று நான் நம்பவில்லை. மூலப்பதிவைச் சரியாக எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டில் எந்த இடம் முதலில் கெடும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தைச் சொந்தக் காதால் சோதித்த பிறகே எண்ணை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கு எழுதுகிறேன்.

128 எங்கிருந்து வந்தது

குறுந்தட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். இடம், வலம் என்று இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட் வருகிறது. நிமிடக் கணக்கில் ஏறத்தாழ 10.6 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 53 மெகாபைட்டை அடைத்துக்கொள்ளும். 1998-இல் விற்பனைக்கு வந்த டைமண்ட் ரியோ பிஎம்பி300 பிளேயரின் மொத்த நினைவகமே 32 மெகாபைட்தான் என்பதால், அதில் குறுந்தட்டுத் தரத்தில் அப்படி ஒரு பாட்டுகூட முழுதாக அடங்காது. 128 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலான இசை அடங்கும். 2001-இல் வந்த முதல் ஐபாடில் 5 கிகாபைட் வட்டு இருந்தது, ஆயிரம் பாட்டு கொள்ளும் என்று ஆப்பிள் விளம்பரம் செய்தது. பாட்டுக்கு 5 மெகாபைட் என்பதுதான் அந்தக் கணக்கு.

இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 32 கிகாபைட் கார்டில், ஐந்து நிமிடப் பாட்டுகள் 128 கிலோபிட்டில் ஆறாயிரத்துக்கு மேலும், 256-இல் மூவாயிரத்துக்கு மேலும், சுருக்காமல் வைத்தால் அறுநூறும் அடங்கும். இடப்பஞ்சத்தில் பிறந்த பழக்கம் பஞ்சம் தீர்ந்த பிறகும் நம்மை விட்டுப் போகவில்லை. அதற்காக எல்லாவற்றையும் 320-இல் ஏற்றுவதும் யோசித்துச் செய்யும் வேலை ஆகாது. ஆயிரக்கணக்கான பாட்டுகளை இரவுச் சந்தையில் வாங்கிய பழைய 8 கிகாபைட் கார்டில் திணிக்க வேண்டியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

எந்த இடம் முதலில் கெடும்

எம்பி3 என்பது ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலான பொறியாளர்கள் முன்னின்று உருவாக்கிய முறை. அது நம் காதின் ஒரு குறையை நம்பி வேலை செய்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது கூடத்துத் தொலைக்காட்சி பேசுவது நமக்குக் கேட்பதில்லை. அது பேசிக்கொண்டுதான் இருக்கிறது, மழை அதை மூடிவிடுகிறது. பாட்டுக்குள்ளும் இதுவே நடக்கிறது. ஓங்கிய ஓசை ஒன்று எழும்போது அதை அடுத்த அதிர்வெண்களில் உள்ள மெல்லிய ஓசைகள் காதுக்கு எட்டுவதில்லை. அப்படி மூடப்படும் பகுதிகளை எம்பி3 மிகவும் தோராயமாகக் குறித்து வைக்கிறது. அந்தத் தோராயத்தால் ஓர் இரைச்சல் உண்டாகிறது. அந்த இரைச்சல் ஓங்கிய ஓசைக்கு அடியிலேயே ஒளிந்துகொள்கிறது. கிலோபிட் எண் குறையக் குறைய, ஒளிக்க வேண்டிய இரைச்சல் கூடிக்கொண்டே போகும். ஒளிய இடம் போதாதபோது அது வெளியே தலைகாட்டும்.

தலைகாட்டும் இடம் எது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புது பிளேயரைச் சோதிக்கும்போது நமக்குப் பிடித்த பாடகரின் குரலைக் கேட்டுத் தலையாட்டுவது நம் வழக்கம். இந்த முறை உருவான தொடக்கக் காலத்தில் பக்கவாத்தியமே இல்லாத ஒரு தனிக்குரல் பதிவுதான் பொறியாளர்களைப் படாதபாடு படுத்தியது என்பது உண்மையே. ஆனால் அதை வைத்தே அவர்கள் முறையைத் திருத்திக்கொண்டதால், இன்றைய நல்ல மென்பொருள் 128-இல்கூடக் குரலை ஓரளவு ஒழுங்காகவே தந்துவிடும். கெடுவது தாளக்கருவி. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குக் காவடியோடு போகும் உருமி மேளத்தை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால், அதைவிடக் கடுமையான சோதனைப் பொருள் நமக்குத் தேவையில்லை.

காரணம் இது. எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்துக்கொண்டு ஆராய்கிறது. வழக்கமான துண்டின் அடிப்படை நீளம் 576 அளவுகள், அதாவது 13 மில்லிநொடி. துண்டின் நடுவில் தவிலின் வலந்தலையில் ஓர் அடி விழுந்தால், அந்த அடியைத் தோராயமாகக் குறித்ததால் எழும் இரைச்சல் அடிக்குப் பின்னால் மட்டும் நிற்காமல், துண்டு முழுவதும், அதாவது அடிக்கு முன்னாலும் பரவிவிடுகிறது. ஓங்கிய ஓசைக்குப் பின்னால் நூறு மில்லிநொடிக்கும் மேலாக நம் காது மந்தமாக இருப்பதால் பின்னால் வரும் இரைச்சல் தப்பித்துக்கொள்ளும். முன்னால் வருவதற்குச் சில மில்லிநொடி மறைவுதான் உண்டு. ஆகவே ஒவ்வோர் அடிக்கும் முன்னால் மெல்லிய ‘ஸ்’ என்ற கசிவு கேட்கிறது, அடியின் முனை மழுங்குகிறது. இதை உணர்ந்து, அடி விழும் இடத்தில் மென்பொருள் 192 அளவுகள் கொண்ட சிறு துண்டுகளுக்கு மாறிக்கொள்ளும்; ஆனால் அதற்குக் கூடுதல் பிட் தேவை. உருமி மேளத்திலோ அடி ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பதால், 128-இல் அந்தக் கூடுதலுக்கு வழியில்லை. மேலைநாட்டுப் பொறியாளர்கள் இதே குறையைக் காட்டக் காஸ்டனெட் என்னும் ஸ்பானியக் கைத்தாளத்தைப் பயன்படுத்துவார்கள்.

ஜால்ராவின் சிக்கல் வேறு. அதன் உயிர் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. 128-இல் பெரும்பாலான மென்பொருள்கள் 16,000 அல்லது 17,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை அடியோடு வெட்டிவிட்டு, மிச்சம் பிடித்த பிட்டைக் கீழே செலவிடும். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு அந்த உயரம் எப்படியும் கேட்பதில்லை. மின்னல் எஃப்.எம். போன்ற பண்பலை ஒலிபரப்பே 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, அதைக் குறை சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. எனவே வெட்டு விழுவதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. வெட்டுக்குக் கீழே மிஞ்சிய ஜால்ரா, தண்ணீருக்குள் சலசலப்பதுபோல் நெளிவதுதான் காதை உறுத்தும்.

மூன்றாவது எதிரி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஒலிநாடாவின் இரைச்சல். அடுத்தடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாத இரைச்சலைச் சுருக்குவதுதான் எந்த முறைக்கும் கடினம். பழைய நாடாவிலிருந்து நேராக 128-இல் எடுத்தால், பாதி பிட் அந்த ‘உஸ்’ சத்தத்துக்கே போய்விடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான்.

மூலத்தை எடுத்து வைத்தல்

சுருக்கிய கோப்பை மறுபடி சுருக்கக் கூடாது என்பதே முதல் விதி. 128 எம்பி3 ஒன்றை 320 ஆக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, இழந்தது திரும்பாது. முதல் சுருக்கத்தின் இரைச்சலோடு இரண்டாவதன் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். ஆகையால் ஒவ்வொரு பாட்டுக்கும் இழப்பில்லாத ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஃபிளாக் வடிவம் ஏற்றது: குறுந்தட்டில் உள்ளதை ஒரு பிட் மாறாமல் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையான இடத்தையே எடுத்துக்கொள்ளும். அதைக் கணினியிலும் தனியொரு வன்தட்டிலும் வைத்துக்கொண்டு, பிளேயருக்கு வேண்டியதை அதிலிருந்து மட்டுமே ஆக்க வேண்டும். பிளேயரில் உள்ளது தொலைந்தாலும், நாளை வேறு வடிவம் வந்தாலும், மூலம் கையில் இருக்கும்.

குறுந்தட்டு என்றால் வேலை சுலபம். மடிக்கணினியில் செருகி எடுத்துவிடலாம். ஒலிநாடாவுக்குத்தான் பொறுமை வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து வீடு மாறும்போது அப்பா தூக்கி எறிய மனமில்லாமல் கொண்டு வந்த பெட்டி ஒன்று பல வீடுகளில் இன்னும் கட்டிலுக்கடியில் இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நாடாவை முதலில் ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் ஓடவிட்டு இறுக்கத்தைத் தளர்த்துங்கள். நாடாவை ஓட்டும் டெக்கின் தலையை, அதாவது நாடாவைத் தொட்டுப் படிக்கும் பகுதியை, சுத்தமான ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு தலைக்கு ஓரத்தில் உள்ள சிறு திருகாணியைக் கவனியுங்கள். தலை நாடாவுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பாட்டு ஓடும்போதே அதை மிக மெல்ல, கால் சுற்றுக்கும் குறைவாக, இப்படியும் அப்படியும் திருப்பினால், ஜால்ராவும் ‘ச’கரமும் திடீரென்று தெளியும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். நான் முதலில் இது தெரியாமல் நாற்பது நாடாக்களை மந்தமாகப் பதிவு செய்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன்.

டெக்கின் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து கணினிக்கு இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். உச்ச ஒலி −6 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். உச்சம் தட்டி வெட்டுப்பட்ட ஒலியை எதனாலும் மீட்க முடியாது. 1950களிலும் 60களிலும் வந்த திரைப்பாட்டுகள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அப்படிப்பட்ட நாடாவில் இடமும் வலமும் ஒரே பாட்டைத்தான் சுமக்கின்றன, இரைச்சல் மட்டும் இரண்டிலும் வேறு வேறு. இரண்டையும் கலந்து ஒரே தடமாக்கினால் பாட்டு அப்படியே நிற்க, இரைச்சல் 3 டெசிபெல் இறங்கும். ஆனால் மேலே சொன்ன திருகாணி சரியில்லாமல் கலந்தால் உயர்ந்த ஓசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே வரிசையை மாற்ற வேண்டாம்.

இரைச்சல் நீக்கும் கருவி ஆடாசிட்டியில் உண்டு. அதை 6 டெசிபெல் அளவில் மிதமாகப் பயன்படுத்துங்கள். நாடாவைக் குறுந்தட்டாக்கிக் காட்டுகிறேன் என்று அழுத்தமாகப் போட்டால், குறைந்த கிலோபிட்டில் கேட்கும் அதே தண்ணீர்ச் சலசலப்பு மூலத்திலேயே குடியேறிவிடும். சுத்தம் செய்யாத பதிவையும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; நமக்குப் பிறகு வருகிறவர்களிடம் இதைவிட நல்ல கருவி இருக்கலாம்.

சுருக்குதல்

மூலம் தயாரான பிறகு சுருக்குவது நிமிட வேலை. எம்பி3 ஆக்குவதற்கு லேம் என்னும் இலவச மென்பொருளைவிட நல்லதை நான் கண்டதில்லை. அதில் மாறா விகிதத்தைத் தேர்ந்தெடுக்காமல், மாறும் விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். மாறா விகிதம் பாடகர் மூச்சு வாங்கும் இடத்துக்கும் உருமி அதிரும் இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே கூலியைக் கொடுக்கும். மாறும் விகிதமோ வேலைக்குத் தக்க கூலி கொடுக்கும். லேமில் ‘வி0’ என்ற நிலை சராசரியாக 245 கிலோபிட் அளவிலும், ‘வி2’ 190 அளவிலும், ‘வி5’ 130 அளவிலும் நிற்கும். உருமி, தவில் போன்ற பதிவுகள் அந்தச் சராசரியைத் தாண்டிப் போனால் பதற வேண்டாம், முறை சரியாக வேலை செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள். ஒற்றைத் தடப் பழைய பாட்டுகளை ஒற்றைத் தடமாகவே 96 கிலோபிட்டில் எடுத்தால், இரண்டு தடத்தில் ஏறத்தாழ 192 கொடுத்ததற்குச் சமம்.

ஏஏசி வடிவம் அதே கிலோபிட்டில் எம்பி3-ஐவிடச் சற்று நன்றாக இருக்கும், 128-இலும் அதற்குக் கீழும் வேறுபாடு தெளிவாகவே தெரியும். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் அதைவிடவும் சிக்கனமானது. கைத்தொலைபேசியில் கேட்பவர்கள் தயங்காமல் அவற்றுக்குப் போகலாம். ஆனால் மலிவான பிளேயரும் பழைய காரின் வானொலியும் எம்பி3 தவிர வேறெதையும் பெரும்பாலும் தொடாது என்பதால், விரலியில் (யூஎஸ்பி பென்டிரைவில்) ஏற்றிப் பலருக்கும் கொடுக்க வேண்டியதை நான் எம்பி3-இலேயே வைக்கிறேன்.

கச்சேரிப் பதிவைத் தனித்தனிக் கோப்புகளாக வெட்டாதீர்கள். எம்பி3 ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடும். தனி ஆவர்த்தனத்தின் நடுவில் அது விழுந்தால் தாளம் தடுக்கி விழுந்ததுபோல் இருக்கும்.

காதால் முடிவு செய்தல்

இனிமேல்தான் எண் வருகிறது. சோதனைக்கு ஒரு பதினைந்து நொடித் துண்டு போதும், ஆனால் அடி நெருக்கமாக விழும் துண்டாக இருக்க வேண்டும். மூலத்தையும் சுருக்கியதையும் ஒரே பிளேயரில், ஒரே ஒலி அளவில், கம்பியுள்ள இயர்போனில் கேளுங்கள். ஒலி அளவில் சிறு வேறுபாடு இருந்தாலும் உரத்து ஒலிப்பது நல்லதாகத் தோன்றிவிடும். பிளேயரை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து, அவர் காசைச் சுண்டி, தலை விழுந்தால் மூலத்தையும் பூ விழுந்தால் சுருக்கியதையும் போடட்டும். திரை உங்கள் கண்ணில் படக் கூடாது. எது என்று நீங்கள் சொல்ல, அவர் குறித்துக்கொள்ளட்டும். பத்து முறை இப்படிச் செய்ய வேண்டும். ஐந்தாறு சரியாவது குருட்டுப் போக்கிலும் கிடைக்கும். ஒன்பதோ பத்தோ சரியானால், அது தற்செயலாக நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். கண்ணால் எண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்பவர் காதால் கேட்பதில்லை என்பதை நான் என்னிடமே கண்டேன்.

என் அக்கா மகன் உருமி அடிப்பவன். 128-இல் அவன் பத்துக்குப் பத்து கண்டுபிடித்தான். “மாமா, குச்சி தேய்க்கிற இழுப்பு உடையுது” என்றான். வி2-வில் ஆறுக்கு மேல் போகவில்லை. நான் 128-இல் உருமியை எட்டு முறை கண்டுபிடித்தேன். பழைய திரைப்பாட்டில் நாலுதான். ஆகவே அவன் கார்டில் எல்லாம் வி2, என் கார்டில் மேளப் பதிவுகள் மட்டும் வி2, மற்றவை வி5. என் காதால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றுக்காக ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பேருந்தில் கேட்பதற்கு மட்டும் என்றால் இன்னும் தளரலாம், ஏனென்றால் எஞ்சினின் முழக்கம் எம்பி3-இன் இரைச்சலையும் சேர்த்தே மூடிவிடும். அங்கே செலவழிக்க வேண்டியது காதுக்குள் அடைந்து உட்காரும் ரப்பர் முனை கொண்ட இயர்போனுக்கு. அது வெளிச் சத்தத்தைக் குறைப்பதால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறையும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூட்டும்போதும் அந்த நேரம் பாதியாகும். மோட்டார் சைக்கிளில் இயர்போன் மாட்டுவதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்க வேண்டாம்.

புளூடூத் ஒலிப்பெருக்கியில் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோப்பு எதுவாக இருந்தாலும், காற்றில் போவதற்கு முன் அது விரிக்கப்பட்டு, பெரும்பாலும் எஸ்பிசி என்னும் முறையில் இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. அதாவது இரட்டைச் சுருக்கம் என்னும் குற்றத்தைக் கருவியே செய்துவிடுகிறது. அதனால் கோப்பில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இங்கே வி2-வுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இரவுச் சந்தையில் ஒரு முறை விரலி ஒன்று வாங்கினேன். எல்லாக் கோப்பும் 320 என்று எழுதியிருந்தது, கேட்டால் ஜால்ரா நெளிந்தது. அத்தகைய கோப்புகளை ஆடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸில் மதில் கட்டியதுபோல் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றிருந்தால், அது 128-இல் சுருக்கியதை ஊதிப் பெருக்கியதாகவே பெரும்பாலும் இருக்கும். பழைய நாடாவிலிருந்து நேர்மையாக எடுத்த பதிவிலும் மேலே ஒன்றும் இருக்காது, ஆனால் அங்கே விளிம்பு மதிலாக நிற்காமல் சரிவாக மங்கிப் போகும்.

கார்டில் ஏற்றும்போது கோப்புப் பெயரின் முன்னால் 01, 02 என்று எண் கொடுங்கள். மலிவான பிளேயர்கள் சில அகர வரிசையைப் பார்க்காமல், ஏற்றிய வரிசையிலேயே பாடும். ஆகவே எண் கொடுத்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஏற்றுவதும் நல்லது. தமிழில் எழுதிய பாட்டுப் பெயர் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தால், பிளேயருக்குப் போகும் பிரதியில் மட்டும் ரோமன் எழுத்தில் மாற்றிக்கொண்டு, வீட்டில் உள்ள ஃபிளாக் மூலத்தில் தமிழ்ப் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள்.